ஐம்பத்தைந்தில் பதினொன்று போனால்

நாற்பத்தெட்டு வரவேண்டும். அறுபதில் பன்னிரண்டு போனால் நாற்பத்தெட்டு, இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், ஆகவே இப்போது திரையில் விரியப்போகிற பூவுக்குள் நாற்பத்தெட்டுப் புள்ளிச்சரங்கள் சுழன்றாக வேண்டும், அதை வழிகாட்டி ஹெலன் மேடத்தின் முகத்துக்கு நேரே நீட்டி, இந்தாங்க மேடம் நிரூபணம், போடுங்க கையெழுத்தை என்று சொல்லிவிட்டு முடிந்தவரை சிரிக்காமல் நிற்க வேண்டும் என்று முத்தரசி எண்டரைத் தட்டினாள். மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. நான்கு மணிக்குள் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டின் பதினெட்டுப் பேரும் ஆய்வுத் தலைப்புப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். வழிகாட்டி கையெழுத்து இல்லாத படிவத்துக்குத் துறையே ஒரு தலைப்பை ஒட்டிவிடும், துறை ஒட்டுகிற தலைப்பு என்னவென்று அந்தக் கல்லூரியில் கணிதம் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். வரைபடக் குறியிடல். நாலு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்த்து, ஒவ்வொரு புள்ளிக்கும் விதிப்படி ஓர் எண் எழுதிக்கொண்டே போவது. போன வருடம் பன்னிரண்டு பேர் செய்தார்கள், அதற்கு முந்தின வருடம் பதினான்கு பேர், குடை மாதிரி ஒரு வரைபடம், சிலந்தி மாதிரி ஒன்று, தென்னை ஓலை மாதிரி ஒன்று, உருவம் மாறும், முன்னுரை மாறாது. பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி, பத்திரமா முடிஞ்சிரும் என்று துறைத்தலைவர் சொன்னபோது முத்தரசிக்குக் காதோரம் சூடேறியது. முடிவதற்கா ஒரு காரியத்தைத் தொடங்குவார்கள்? பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கலாமே, ரெண்டு பஸ் மாறி எதற்கு வரவேண்டும்? கணினிக்கூடத்தில் வெறுங்கால், செருப்பெல்லாம் வாசலில் கிடந்தது, தரை ஐஸாகக் குளிர்ந்தது, அவள் ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு, கறுத்த திரையின் நடுவில் முதல் புள்ளி விழுவதைப் பார்த்தாள். இரண்டாவது விழுந்தது. பிறகு மழை மாதிரி.

எவ்வளவு அழகு. ஒரு மாதமாகப் பார்க்கிறாள், இன்னும் அந்த முதல் வினாடியில் கண் சிமிட்ட மறந்துபோகிறாள். பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம் ஒன்று வழுக்காமல் உருளும், சின்ன வட்டத்தின் உடம்பில் ஓர் ஓட்டை, ஓட்டையில் ஒரு பேனா, அவ்வளவுதான் சங்கதி, அதைக் கணினிக்குச் சொல்ல நான்கு வரிகூட ஆகாது. பெரியது ஐம்பத்தைந்து, சின்னது பதினொன்று என்று வைத்தால் ஐந்து இதழ்ப் பூ. அவள் அதோடு விடாமல், புள்ளிக்குப் புள்ளி பூ மயிரிழை அளவு பெருக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தாள், மூவாயிரத்து அறுநூறு புள்ளிகள், புள்ளிக்கு ஒரு டிகிரி, ஆகப் பத்துச் சுற்று, ஒரே கோடு பூவுக்குள் பூவாகப் பத்து முறை சுற்றிக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது அதுவல்ல. ஐந்து இதழ் வந்தது, சரியாகத்தான் வந்தது, ஆனால் நடுவிலிருந்து விளிம்புவரை புள்ளிச்சரங்கள் சுழன்று சுழன்று விரிந்தன, குளத்துத் தண்ணீரை மதகு உள்ளிழுக்கிற மாதிரி, நாற்பத்து நான்கு சரங்கள். கேட்டதைவிட நல்லதாக வந்தால் யார் புகார் சொல்லுவார்கள்? அவள் சொல்லவில்லை. அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனாள், பார்த்த பதினேழு பேரும், ஏட்டி, கோலம் சூப்பரா இருக்கு என்றார்கள். கோலமாம். ஒரு பையன் இதைப் போட்டிருந்தால் டிசைன் என்பார்கள், பொறியியல் கல்லூரியில் ஒருத்தன் போட்டிருந்தால் மாடல் என்பார்கள், முத்தரசி போட்டால் கோலம். கோலம் போடுகிறவளுக்கும் கணக்குத் தெரியும் என்பது வேறு விஷயம், அதற்குத் தனியாகச் சண்டை போடலாம், ஆனால் இவர்கள் அந்த அர்த்தத்திலா சொன்னார்கள்? மார்கழி மாசம் எங்க வாசல்ல வந்து போடுதியா என்று கேட்டாள் ஒருத்தி. ஹெலன் மேடம் மட்டும் கோலம் என்று சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அச்சைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, "அஞ்சு இதழ் சரி. இந்த நாப்பத்தி நாலு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். அது திங்கட்கிழமை. "எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லு, அந்த நிமிஷமே கையெழுத்துப் போடுதேன்."

அவளுக்கா வாய் இல்லை? வாய் இல்லைன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிரும் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த வாய் அது. புதன்கிழமை வகுப்பு நடுவில் எழுந்து, ஐம்பத்தைந்தில் பதினொன்று போனால் நாற்பத்து நான்கு மேடம், இரண்டு வட்டத்தின் ஆரங்களுக்கும் உள்ள வித்தியாசம், சூத்திரத்திலேயே அது முன்னால் நிற்குதே என்றாள். வகுப்பு ஓ என்றது. மேடம் மட்டும் உதட்டைப் பிதுக்கி, "வித்தியாசத்துக்கும் சரத்தோட எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம்? புரோகிராம்ல எங்கயோ தப்பு இருக்கும், பாரு" என்றார். தப்பு என்ற சொல் முத்தரசிக்கு எப்போதும் காதில் விழாது, நேரே கழுத்தில் விழும். "புரோகிராம்ல தப்பே கிடையாது மேடம். தப்பு இருந்துச்சுன்னா நானே வந்து குறியிடல் எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். பதினேழு பேர் சாட்சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிளெஸ்ஸி மட்டும் அவளுடைய துப்பட்டாவைப் பிடித்துக் கீழே இழுத்தாள், அதற்குள் சொல் போய்விட்டது. சரி, போனால் போகிறது, இன்றைக்கு வெள்ளி, இதோ பெரிய வட்டம் அறுபது, சின்ன வட்டம் பன்னிரண்டு, இதழ் அதே ஐந்து, வித்தியாசம் நாற்பத்தெட்டு. பூ முடிந்துவிட்டது. முத்தரசி திரைக்கு அருகே குனிந்து, சுண்டுவிரல் நகத்தைக் கண்ணாடிமேல் வைத்து எண்ணத் தொடங்கினாள். பத்து. இருபது. நகம் படும் இடத்தில் திரை லேசாக வானவில் காட்டியது. முப்பத்தாறு, முப்பத்தேழு. கண் எரிந்தது. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, அதற்கப்புறம் எண்ணத் தொடங்கின அதே சரம்.

எங்கோ நான்கை விட்டுவிட்டாள். விரல்தானே, வழுக்கியிருக்கும். மறுபடியும் எண்ணினாள், இந்த முறை இதழ் இதழாக, நாற்பத்து நான்கு. நிறம் கொடுத்துப் பார்ப்போம் என்று நாற்பத்தெட்டு நிறங்களை வரிசையாகச் சுழலவிட்டாள், சரத்துக்கு ஒரு நிறமாகப் பிரிந்து நிற்க வேண்டும், எல்லாம் கலந்து சாந்தாகிப் போனது. நாற்பத்து நான்கு நிறம் என்று மாற்றினாள், ஒவ்வொரு சரமும் தன் நிறத்தை எடுத்துக்கொண்டு அடக்கமாக நின்றது, நாங்கள் எப்போதும் இப்படித்தானே இருக்கிறோம், நீதான் எங்களைக் கேட்கவில்லை என்கிற மாதிரி. வட்டங்களை எழுபதும் பதினான்கும் ஆக்கினாள். நாற்பத்து நான்கு. நூறும் இருபதும். நாற்பத்து நான்கு. ஆறு இதழுக்கு மாற்றினாள், ஆறு இதழ் வந்தது, சரம் நாற்பத்து நான்கு. பக்கத்துக் கணினியில் குடை வரைபடத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்த பிளெஸ்ஸி எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, மூஞ்சி செத்துப் போச்சு." "ஒண்ணுமில்ல." "நாப்பத்தெட்டு வரலியா?" "வாயை மூடுட்டி." "வா மக்ளே வா, குடைக்குள்ள ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு" என்றாள் பிளெஸ்ஸி, திரையில் தன் குடையைக் காட்டி. முத்தரசிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். ஆகவே ஐம்பத்தைந்தில் பதினொன்று போனது தற்செயல். தற்செயலாக ஒத்துப்போன ஒரு கழித்தலைக் கையில் வைத்துக்கொண்டு பதினேழு பேர் முன்னால் சவால் விட்டிருக்கிறாள். அவள் என்ன மாற்றினாலும் மாறாத ஒன்று உள்ளே இருக்கிறது, வட்டத்தைச் சேர்ந்ததல்ல, பேனாவைச் சேர்ந்ததல்ல, அவளுக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, நீ என்ன வேண்டுமானாலும் ஆட்டிப் பார் என்கிறது. மணி மூன்று பத்து.

வழுக்கியிருக்கும். சின்ன வயதில் பொருட்காட்சியில் அப்பா வாங்கித் தந்த பிளாஸ்டிக் தட்டில் வழுக்கும், பல் வைத்த சக்கரம், பச்சை நிறம், ஓட்டைக்குள் ரீஃபில்லை விட்டுச் சுற்றச் சுற்ற நோட்டில் பூ ஏறும், முக்கால் பூ வந்ததும் சக்கரம் ஒரு பல்லைத் தாண்டிக் குதிக்கும், மொத்தமும் பாழ். ஒவ்வொரு தடவையும் அவள், தம்பி முழங்கையை இடிச்சிட்டான் என்பாள். அவன் அடுத்த அறையில் இருந்தாலும் இடித்தான் என்பாள். ஒருநாள் அவன் பள்ளிக்கூடத்திலேயே இருந்தான், அன்றைக்கும் அவன் இடித்துத்தான் பாழானது என்று வாதாடினாள், அம்மா சிரித்துச் சிரித்து அடுப்பில் பால் பொங்கிப் போனது. கணினிக்கு முழங்கை கிடையாது. பல் கிடையாது, வழுக்காது, சொன்னதைச் செய்யும். அப்படியானால் சொன்னது என்ன? நாற்பத்து நான்கு. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கிறது அந்த எண், பெயர்தான் வரமாட்டேன் என்கிறது. நாற்பத்து நான்கு, வீட்டுக் கதவு எண் இல்லை, பஸ் எண் இல்லை, பத்தாம் வகுப்பு அறிவியலில் அவள் எடுத்த மதிப்பெண்ணும் இல்லை, இல்லவே இல்லை. ஆனால் பள்ளிக்கூடம்தான், சுண்ணாம்பு வாடை வருகிறது, நாற்பத்து நான்கு செண்டிமீட்டர் என்று பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இழுத்துச் சொல்லுகிற குரல் வருகிறது, செண்டிமீட்டர், என்ன நாற்பத்து நான்கு செண்டிமீட்டர்? ஆரம் ஏழு செ.மீ. எனில் வட்டத்தின் சுற்றளவு காண்க. இரண்டு பெருக்கல் இருபத்திரண்டின் கீழ் ஏழு பெருக்கல் ஏழு, ஏழும் ஏழும் அடிபடும், நாற்பத்து நான்கு. தமிழ்நாட்டில் ஆரம் ஏழாக இல்லாத வட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை, எல்லா வட்டத்துக்கும் ஆரம் ஏழு, அதுவும் இல்லையென்றால் பதினான்கு, வேறு ஆரத்தில் வட்டம் போட்டால் போலீஸ் பிடித்துக்கொள்ளும். முத்தரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏழு ஆரம், நாற்பத்து நான்கு சுற்றளவு. ஆரத்தையே நூலாக எடுத்து வட்டத்தின்மேல் வைத்து அளந்துகொண்டு போனால், நாற்பத்து நான்கு நூலுக்கு ஏழு முறை சுற்றி வந்திருப்போம். ஆரத்தை நூலாக வைத்து அளக்கிற கோணத்துக்குப் பெயர் ரேடியன். அவள் ஒவ்வொரு புள்ளிக்கும் கோணத்தில் ஒன்று கூட்டச் சொன்னாள். ஒன்று என்றால் என்ன ஒன்று? ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்: சைன் தொண்ணூறு. டிகிரியாக இருந்தால் ஒன்று வரவேண்டும். பூச்சியம் புள்ளி எட்டு ஒன்பது மூன்று ஒன்பது என்று வந்தது, அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வால்.

டிகிரி என்று நினைத்துக் கொடுத்ததையெல்லாம் அது ரேடியன் என்று வாங்கிக்கொண்டிருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பிழை. கால்குலேட்டரில் மோடு மாற்ற மறக்கிற பிழை. எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, ஒரு மாதம், ஒரு சவால். ஒரு டிகிரி ஒரு டிகிரியாக நடக்க வேண்டிய பேனா, ஐம்பத்தேழு டிகிரிக்கு மேல் தாவித் தாவிக் குதித்திருக்கிறது, எங்கே குதித்தாலும் அதே பூவின் மேல்தான் விழுந்திருக்கிறது, அதனால் இதழ் கெடவில்லை, அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. முகம் கொதித்தது, அதே நேரத்தில், இது என்ன அநியாயம், சந்தோஷமாகவும் இருந்தது, பயமும் சந்தோஷமும் ஒரே குடத்துத் தண்ணீராகத் தளும்பின. அவள் நோட்டைப் பிரித்துப் பெருக்கினாள். நாற்பத்து நான்கு ரேடியன் எத்தனை டிகிரி? இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று, கூடக் கொஞ்சம் தூசி. ஏழு முழுச் சுற்று இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. ஆக நாற்பத்து நான்கு தாவலுக்கு ஒருமுறை பேனா ஏழு சுற்றுச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி தள்ளி வந்து நிற்கிறது. ஒரு டிகிரி. அவள் கேட்ட அதே ஒரு டிகிரி. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது, நாற்பத்து நான்கு பேராகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது, கூடத்தைத் திறந்து பூட்டுகிற பேச்சியம்மாள் அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கூடத்தில் சத்தம் போட்டால் கணினி கெட்டுப்போகும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. முத்தரசி பாதங்களை மட்டும் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டாள். பிறகுதான் அந்த யோசனை வந்தது, பின்வாசல் வழியாக, செருப்புச் சத்தம் இல்லாமல். வேணும்னேதான் மேடம் ரேடியன் வச்சேன். இவ்வளவு சொன்னால் போதும். நாற்பத்து நான்குக்கும் பதில் ஆயிற்று, தப்பும் இல்லாமல் ஆயிற்று, தலைப்பும் அவளுடையது, யாருக்குத் தெரியப்போகிறது? யாருக்குமே தெரியாது. ஆனால் பொய் சொல்லி ஜெயித்த வாதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? தோற்ற வாதத்தையாவது ராத்திரி படுத்துக்கொண்டு மறுபடி மறுபடி போட்டுப் பார்த்து ஜெயிக்கலாம். அதோடு, பிழை இல்லாவிட்டால் இந்தக் கதையில் என்ன இருக்கிறது? வேண்டுமென்றே வைத்திருந்தால் அது வெறும் வீட்டுப்பாடம். தெரியாமல் வைத்ததால்தான் அது அவளைக் கூப்பிட்டிருக்கிறது. இல்லை, இது அழகாகப் பேசித் தப்பிக்கிற வேலை, குறியிடல் என்றால் குறியிடல்தான், ஆறு மாதம், குடை, சிலந்தி, முன்னுரை. ஆனாலும் திரையைப் பார்த்தால் கை தானாக அடுத்த வரியை அடிக்கப் போனது, அதை என்ன செய்வது?

மூன்று நாற்பதுக்கு ஹெலன் மேடம் படிவங்களை வாங்க வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன முத்தரசி, எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். முத்தரசி எழுந்தாள். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் வரிசை கலைந்து ஓடிவிட்டன. "தப்பு இருக்கு மேடம். டிகிரிக்குப் பதிலா ரேடியன் போயிருக்கு. நான்தான் மாத்தல." பிளெஸ்ஸி தட்டச்சை நிறுத்தினாள். "ஆனா நாப்பத்தி நாலு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிட்டு. ஆரம் ஏழுன்னா சுற்றளவு நாப்பத்தி நாலு. அதேதான் இது." நோட்டை நீட்டினாள். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டை மூக்குக்கருகே பிடித்து, உதடு அசையப் படித்தார். "அப்ப நீ சொன்ன வாக்கு? குறியிடல் எடுத்துக்கிடுதேன்னியே." "ரெண்டு வாக்கு இருக்கு மேடம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொன்னா கையெழுத்துன்னு நீங்க சொன்னது திங்கக்கிழமை. நான் சொன்னது புதன்கிழமை. முந்தி சொன்னதுதான் முந்தி." "பிந்தி சொன்னது முந்தி சொன்னதை ரத்து பண்ணிரும்னு நான் சொன்னா?" "அது சட்டம் மேடம். கணக்குல முந்தி சொன்னதைப் பிந்தி வந்தது ரத்து பண்ண முடியாது." "அடி கழுத" என்றார் மேடம், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பிறகு வேறு குரலில், "ஒரு டிகிரி தள்ளி நிக்குன்னு போட்டிருக்க. கூடக் கொஞ்சம் தூசின்னும் போட்டிருக்க. அந்தத் தூசி சேர்ந்துட்டே போனா இந்தச் சரம் உடையணுமே. மூவாயிரத்தி அறுநூறோட ஏன் நிறுத்துன? ஒரு லட்சம் போடு." முத்தரசி பூவை ஐந்து இதழுக்குத் திருப்பி, ஒரு லட்சம் என்று அடித்தாள், பூ திரைக்குள் அடங்குமாறு பெருக்கத்தைக் குறைத்தாள், எண்டர்.

நடுவில் மட்டும் பழைய சுழல் சிறிது நேரம் தெரிந்தது. பிறகு நாற்பத்து நான்கு சரங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சுற்றிக் குழம்பி, புழுதி மாதிரி ஆகி, ஐயோ போயிற்று என்று முத்தரசி நினைக்கிற நேரத்தில், புழுதிக்குள்ளிருந்து கதிர்கள் கிளம்பின. வளையாத கதிர்கள், நேராக, மயிரிழைகள், நூற்றுக்கணக்கில், ஐந்து இதழையும் நிறைத்துக்கொண்டு விளிம்பை நோக்கி நெட்டுக்குத்தாக வளர்ந்தன. "இது எத்தனை?" என்றார் மேடம். முத்தரசி வாயைத் திறந்தாள். ஏதாவது ஒன்றிலிருந்து ஏதாவது ஒன்றைக் கழித்து ஓர் எண்ணைச் சொல்லிவிடத்தான் அந்த வாய்க்குப் பழக்கம். "தெரியல மேடம்" என்றாள், சொல்லும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு விரிந்தது. "எனக்கும் தெரியல. படிவத்தை எடு." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, கணினியின் தலைமேல் படிவத்தை வைத்து, பேனா போன இடத்தில் ஹெலன் மேடம் கையெழுத்துப் போட்டார். "மேடம், அது மாணவி போட வேண்டிய இடம்" என்றாள் பிளெஸ்ஸி. "நிஜமாவா? சரி, நீ என் இடத்துல போட்டுக்க" என்றார் மேடம், முத்தரசியைப் பார்த்து இல்லை, கதிர்களைப் பார்த்து. முத்தரசி வழிகாட்டி என்று அச்சிட்டிருந்த கோட்டுக்கு மேலே தன் பெயரை எழுதினாள். அவசரத்தில் கடைசி எழுத்தின் சுழி பெரிதாகிவிட்டது. பேச்சியம்மாள் அக்கா சாவியைக் குலுக்கிக்கொண்டு வந்து நின்றார், மணியாச்சும்மா என்றார், மூவரும் திரும்பவில்லை, அக்காவும் என்னதான் பார்க்கிறார்கள் என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு இதழை எண்ணிட்டு அஞ்சால பெருக்குவோம் என்று பிளெஸ்ஸி சொல்லி நூற்று நாற்பதில் நிறுத்தினாள், இல்லை நூற்று நாற்பத்திரண்டு, ஓரத்தில் ரெண்டை விட்டுட்ட என்றார் மேடம். நகரு, நான் எண்ணுதேன் என்று முத்தரசி அவர்கள் இருவரையும் முழங்கையால் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தாள்.